உள்ளே ஒருவரும் இல்லை

சிட்னியின் மேற்கில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் நான் வேலை செய்கிறேன். புற்றுநோய்க்காரருக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும் இடம் அது. நான் டொக்டர் அல்ல; பௌதிகம் படித்தவள். இயந்திரத்திலிருந்து புறப்படும் கதிர் உடம்புக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு போய்ச் சேரும் என்று கணக்குப் பார்ப்பதும், அந்தக் கணக்கை நம்பலாமா என்று அளந்து பார்ப்பதும் என் வேலை. கோயிலில் யாராவது கேட்டால் ஹொஸ்பிட்டலில் வேலை என்று மட்டும் சொல்லிவிடுவேன். மிச்சத்தையும் சொன்னால் கேட்டவர் ஓரடி தள்ளி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சிகிச்சை அறைக்கு ஜன்னல் இல்லை. சில இடங்களில் சுவரின் தடிப்பு ஓர் ஆளின் உயரத்தைவிட அதிகம். கதவை மூடுவதற்கு முன் ஒரு விதி உண்டு. கடைசியாக வெளியே வருபவர் உள்மூலை வரை நடந்து போய், சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே சுவரில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கட்டிலில் கிடப்பவரைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அழுத்தாமல் கதவை மூடினால் இயந்திரம் இயங்காது. வருடக்கணக்காக அதை அழுத்தியிருக்கிறேன். நான் அன்ரி என்று கூப்பிட்ட அந்த நோயாளி வரும்வரை, அழுத்தும்போது வேறு எதையாவதுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. எழுபது தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர். மெரிலேண்ட்ஸில் மகனோடு இருந்தார், மகள் மெல்பேர்னில். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. மார்பில் தொடங்கிய நோய் கழுத்து எலும்புகளுக்குப் போய், உள்ளே ஓடும் நரம்பை நெரிக்கத் தொடங்கியிருந்தது. பிடித்த கோப்பை தானாகக் கைநழுவுகிறது என்று வந்தவரை ஸ்கான் செய்து பார்த்த டொக்டர், இன்றைக்கே தொடங்க வேண்டும், பிந்தினால் கை கால் எல்லாம் போய்விடும் என்றார்.

முதலில் முகமூடி செய்தார்கள். வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடான நீரில் இளக்கி முகத்தில் போட்டு அழுத்தினால், ஆறும்போது அந்த ஆளின் மூக்கும் நாடியும் அப்படியே பதிந்துவிடும். சிகிச்சையின்போது தலை அசையாமல் அதைக் கட்டிலோடு பூட்டிவிடுவோம். இப்படிச் செய்த முகங்கள் சிகிச்சை அறையின் அலுமாரியில் வரிசையாக இருக்கும். சிகிச்சை முடிந்தபின் சிலர் எடுத்துப் போவார்கள். சிலர் சிகிச்சை முடியுமுன்னே போய்விடுவார்கள். அவர்களுடைய முகம் மட்டும், யாராவது அகற்றும்வரை, வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

அன்ரிக்கு டொக்டர் வகுத்த திட்டம் எளிமையானது. மண்டையோட்டின் அடியிலிருந்து முதுகின் மேல்பகுதி வரை, பின்னாலிருந்து ஒரே ஒரு செவ்வகம். அகலம் ஆறு சென்ரிமீற்றர், நீளம் இருபத்துநாலு. ஒரு பட்டி போல.

திட்டத்தைக் கணிக்கிற கொம்பியூட்டர் ஒரு விடை தரும். அதை நம்பி உடனே சிகிச்சையைத் தொடங்குவதில்லை. அதோடு தொடர்பில்லாத இன்னொரு கணக்கை நாங்கள் தனியாகப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கணக்கில் பழைய பழக்கம் ஒன்று இருந்தது. எல்லாச் செவ்வகத்தையும் ஒரு சதுரமாக மாற்றிக்கொள்வது. இந்த நீள அகலத்துக்கு இந்த அளவு சதுரம் சமம் என்று ஒரு சூத்திரம். அந்தச் சதுரத்துக்கு ஏற்கெனவே அளந்து வைத்த எண்ணைப் பயன்படுத்துவது. அநேகமான செவ்வகங்களுக்கு அது போதும். நீண்டு ஒடுங்கிய செவ்வகங்களில் மட்டும் கால் இடறும். அந்தப் பழக்கத்தைத் திருத்தும் பொறுப்பு அந்த வருடம் என்னிடம் வந்திருந்தது. நான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அன்ரியின் பட்டிக்கு இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் நாங்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லைக்கு வெளியே. எந்தக் கணக்கு பிழை என்று தெரியாமல் நான் கையெழுத்து வைக்க முடியாது. அன்ரி அதற்குள் வெளியே சக்கரநாற்காலியில் இருந்தார். மகன் அவருடைய கையை எடுத்து மடியில் வைப்பதும், அது வழுகிப் போவதும், திரும்ப எடுத்து வைப்பதுமாக இருந்ததைக் கண்ணாடிக் கதவினூடாகக் கண்டேன்.

என்னோடு வேலை செய்பவர் கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான். அவரிடம் சொன்னேன். மதிய இடைவேளையில் இயந்திரம் ஓய்ந்திருந்தபோது இரண்டு பேருமாக உள்ளே போனோம். தண்ணீருக்கு நிகரான பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுவில் விரல் நுனியளவு உணர்கருவியைச் செருகி, அதே பட்டியை அதன்மேல் விழுத்தி அளந்தோம். கொம்பியூட்டர் சரி. எங்கள் சதுரக் கணக்குத்தான் பிழை. நான் கையெழுத்து வைத்தேன். அன்று பின்னேரம் அன்ரிக்கு முதல் சிகிச்சை நடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. என் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று நேரே மருத்துவமனைக்கு வந்தேன். சனிக்கிழமைகளில் அந்தத் தளத்தில் எவரும் இல்லை. நடைபாதையில் ஆள் வந்தால்தான் விளக்கு எரியும். எனக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தது.

அளப்பதற்கு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கட்டிலுக்குப் பதிலாக அதை இயந்திரத்தின் கீழ் தள்ளி, நீர் நிரப்பி, உணர்கருவியைத் தொட்டியின் இயந்திரக் கையில் பொருத்திவிட்டால், வெளியே மேசையில் இருந்தபடி அதை நகர்த்தலாம். பொத்தானை அழுத்தி, கதவை மூடி, வெளியே வந்து இருந்தேன். கமராத் திரையில் ஆளில்லாத அறை. நீருக்குள் அந்தச் சிறு கை தானாகப் போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. அறைக்குள் இருக்கும் மைக்கிலிருந்து எங்கள் மேசைக்கு ஒலி வரும், நோயாளி கூப்பிட்டால் கேட்பதற்காக. கதிர் ஓடும்போது இரைச்சல் ஒன்று வரும். நின்றதும் மௌனம்.

பட்டியை நீளவாட்டில் அளந்தேன். பிறகு தொட்டியை அசைக்காமல் அதே பட்டியைக் குறுக்குவாட்டில் அளந்தேன். நடுப்புள்ளியில் இரண்டு எண்ணும் வேறாக இருந்தன. வடிவம் அதுவே, அளவும் அதுவே, ஆழமும் அதுவே. திரும்பிய பக்கம் மட்டும் வேறு. எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயந்தான். ஆனால் தனியாக இருந்து, ஒரே பொருளை இரண்டு தரம் கேட்டு, இரண்டு மறுமொழி கிடைத்தபோது திரும்பி நடைபாதையைப் பார்த்தேன். மீண்டும் கேட்டேன். மீண்டும் அதே இரண்டு மறுமொழி.

கோயம்புத்தூர்க்காரர் அப்போது வந்து சேர்ந்தார். உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர். என் எண்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். செவ்வகத்தை உருவாக்குவது இரண்டு சோடி உலோகக் கட்டைகள், தாடைகள் என்போம். ஒரு சோடி மேலே, ஒரு சோடி கீழே. இயந்திரம் தான் கொடுப்பதைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணும் கருவி மேல் தாடைகளுக்குக் கிட்ட இருக்கிறது. மேல் தாடைகள் ஒடுங்கி நிற்கும்போது, அவற்றில் பட்டுத் திரும்பி வருவதையும் அது கொடுத்ததாக எண்ணிவிடும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று கொஞ்சம் முந்தியே நின்றுவிடும்.

"அது தன்னோட எதிரொலிய கேட்டு ஏமாந்து போகுதுங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆகவே சதுரமாக மாற்றுவதை விட்டுவிட்டு, எந்தத் தாடை எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் புதிய அட்டவணை ஒன்று செய்வது என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு அகலத்துக்கும் இரண்டு வாட்டிலும் அளக்க வேண்டும். சனிக்கிழமைகள் பல போகும் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை அன்ரியின் இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு, இயந்திரத்தை இயக்கிச் சிகிச்சை கொடுக்கும் இளம் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் வந்தாள். அந்தம்மா ஏதோ சொல்கிறார், தங்களுக்கு விளங்கவில்லை, பயந்திருக்கிறாரோ தெரியவில்லை, நீ போய்க் கதை என்றாள். போனேன். கன்னத்தில் முகமூடியின் வலை பதிந்திருக்க, அன்ரி உடுப்பு மாற்றும் அறையில் இருந்தார். பயந்தவராகத் தெரியவில்லை.

கண்ணை மூடியிருக்கும்போதே நீலமாக ஒரு வெளிச்சம் வருகிறது, நீச்சல்குளத்து மணம் ஒன்றும் வருகிறது என்றார். நான் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். கதிர் முன்பக்கமாக வெளியேறும்போது மூக்கினூடாகவும் கண்ணின் ஓரத்தினூடாகவும் போகிறது. கண்ணுக்குள் இருக்கும் நீரில் உண்மையிலேயே ஒரு நீல ஒளி பிறக்கும். வேறு பலரும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"அது சரி பிள்ளை. அந்த ஆள் ஆர்?"

எந்த ஆள் என்று கேட்டேன்.

"என்ர கால்மாட்டில நிக்கிற ஆள். நீங்கள் எல்லாரும் கதவைச் சாத்திப் போட்டுப் போனாப் பிறகும் அவர் நிக்கிறார்."

முகமூடிக்குள் இருந்து கால்மாட்டைப் பார்க்க முடியாது. தலையை ஒரு மயிரளவும் உயர்த்த முடியாது. பார்த்தீர்களா என்று கேட்டபோது, இல்லை, நிற்பது தெரியும் என்றார். தெரிந்த யாராவதா என்று கேட்டேன். இறந்துபோன கணவரை, போரில் தொலைந்துபோன யாரையாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் சனத்தில் அப்படி ஒருவராவது இல்லாத வீடு இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, முன்பின் தெரியாத ஆள்" என்றார். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. தெரிந்த ஆளாக இருந்திருந்தால் நான் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பியிருப்பேன்.

டொக்டரிடம் சொன்னேன். நோவுக்குக் கொடுக்கும் மருந்தாலும், வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தாலும் இப்படி நடக்கலாம் என்று சொல்லி, ஒன்றின் அளவைக் குறைத்தார். புதன்கிழமையும் அந்த ஆள் நின்றார்.

அன்று அன்ரி என்னிடம் ஒரு உதவி கேட்டார். "அந்த மனுசன் நிண்டுகொண்டே நிக்கிறார். பாவம். அவருக்கு ஒரு கதிரை போடுங்கோவன்."

நான் போட்டேன். காத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து, இயந்திரம் சுழலும்போது இடிக்காத மூலையில் வைத்தேன். ஏன் என்று கேட்ட பிள்ளைகளிடம், அது அங்கே இருந்தால் அவருக்கு மனம் அமைதியாக இருக்குமாம் என்றேன். அது பொய்யில்லை. அவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை அன்ரி என்னைப் பார்த்து, கதிரையில இருந்திட்டார் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நடந்ததைத்தான் நான் வீட்டிலும் முழுதாகச் சொல்லவில்லை.

தொட்டியை நிரப்பி, பொத்தானை அழுத்தி, கதவை மூடி வந்து மேசையில் இருந்தேன். கதிரை திரையில் தெரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளவாட்டு அளவுகள் முடிந்தன. குறுக்குவாட்டுக்கு மாற்றுவதற்காகக் கதிர்வீச்சை நிறுத்தினேன். இரைச்சல் அடங்கியது. அந்த மௌனத்தில், ஒலிபெருக்கியில், யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, நெடுநேரம் நின்று களைத்த ஒருவர் கதிரையில் இருக்கும்போது விடுவதுபோல.

என் முதல் நினைப்பு பேயைப் பற்றியது அல்ல. ஓர் உயிருள்ள ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன், அவர்மேல் கதிர் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான். துப்புரவு செய்ய வந்த யாராவது, வழி தவறிய யாராவது. அந்தக் கனத்த கதவு மெதுவாகத்தான் திறக்கும். திறந்த இடுக்கினூடாக உடம்பைச் செருகி உள்ளே ஓடினேன். ஒருவரும் இல்லை. இயந்திரத்தின் பின்புறம் பார்த்தேன், முகமூடி அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன், தொட்டியின் கீழே குனிந்து பார்த்தேன். கதிரை வைத்த இடத்தில் இருந்தது. தொட்டியின் நீர் நடுங்கிக்கொண்டிருந்தது. உணர்கருவியின் கை முன்பே நின்றுவிட்டது. நீர் அசைய ஒரு காரணமும் இல்லை. நான் ஓடி வந்த அதிர்வாக இருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்க அது அடங்கியது. நீச்சல்குளத்து மணம் அறை முழுவதும் இருந்தது. நீண்ட நேரம் கதிர் ஓடினால் காற்றில் அந்த மணம் உண்டாகும். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

நடைபாதையில் வந்து சுவரோடு சாய்ந்து நின்றேன். கோயம்புத்தூர்க்காரர் கோப்பியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கோப்பியை என் கையில் தந்துவிட்டு, மூடாமல் கிடந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தான் முதலில் வேலை பழகிய மருத்துவமனையில் பழைய கோபால்ட் கதிர் இயந்திரம் ஒன்று இருந்ததாகவும், காலையில் அந்த அறைக்குள் முதலில் போகும் யாரும் பேசாமல் போகமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் உள்ள போவோம். யாருகிட்டன்னு யாரும் கேட்டதில்ல. நான் இங்கயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குக் கேக்காத மாதிரி."

அன்று அளவுகளை இரண்டு பேருமாக முடித்தோம். அவர் மேசையில் இருக்க, நான் தொட்டியைச் சரிபார்க்க உள்ளே போன ஒவ்வொரு முறையும் வாறன் என்றேன். வெளியே வரும்போது போயிட்டு வாறன் என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் திரும்பி நடப்பதைவிட அது இலேசாக இருந்தது.

மூச்சுச் சத்தத்தைப் பற்றி மருத்துவமனையின் பொறியியலாளரிடம் கேட்டேன். அறை அமைதியானதும் அந்த மைக் தானாகத் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும், குளிர்காற்றுக் குழாயின் அடைப்பு மூடும் சத்தத்தை அது எடுத்திருக்கலாம் என்றார். நான் பலமுறை குழாயை மூடித் திறக்கச் செய்து கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அந்தச் சத்தந்தான். ஏறக்குறைய.

அன்ரியின் சிகிச்சை இரண்டு கிழமையில் முடிந்தது. கடைசி நாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமான பிடி. முகமூடி வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

புதிய அட்டவணையை முடிக்க இன்னும் பல சனிக்கிழமைகள் போயின. அதை எங்கள் கணக்கில் சேர்த்தபின், ஒடுங்கிய பட்டிகளுக்கும் இரண்டு விடையும் பொருந்தி வந்தன. பழைய நோயாளிகள் பலருடைய திட்டங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தோம், அவையும் பொருந்தின. அதைப் பற்றிப் பேச என்னை மெல்பேர்னில் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். பேச்சு முடிந்த மறுநாள், அந்த நகரின் ஓரத்தில் டார்னெய்ட்டில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த அன்ரியைப் பார்க்கப் போனேன்.

புது வீடுகள், மரம் வளராத தெரு, வெட்டவெளியிலிருந்து வரும் காற்று யன்னல்களை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தது. மகள் பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தார். அன்ரி தானே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, கோப்பையைத் தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டு வந்தார். நோய் வேறிடங்களில் இருக்கிறது, டொக்டர் சொன்னவர் என்று தானாகவே சொன்னார். பிறகு நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததற்கு வந்தார்.

"அந்த ஆளுக்கு நான் சொன்னனான் பிள்ளை. எனக்கு வருத்தம், இந்த நோய்க்கு நான் கிடக்கத்தான் வேணும். உங்களுக்கு ஏன் இந்தக் கதிர், வெளியில போங்கோ எண்டு. கேக்கேல்லை."

அவர் உங்களோடு ஏதாவது கதைத்தாரா என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை. கடைசி நாள் என்னை எழுப்பேக்க, நீங்களும் வாங்கோவன், நாங்கள் போவம் எண்டு கூப்பிட்டனான். வரேல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அன்ரி என்னைப் பார்த்து, ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "பயப்பிடாதையும். நல்ல மனுசன். தனிய விட்டிட்டு வந்ததுதான் எனக்குக் கவலை" என்றார்.

வாசலில் கார் வந்து நின்றது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பேச்சு அதோடு நின்றது.

மகள் என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வழியில், அம்மாவுக்குக் கொடுத்த கதிர் மூளையைத் தொட்டிருக்குமா, சில வேளை தனியாகக் கதைக்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். செவ்வகத்தின் மேல் எல்லை எதுவரை போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூளையின் அடியில் ஒரு சிறு பகுதியைத் தவிர வேறெதையும் தொடவில்லை, கொடுத்த அளவும் சரி, அதை நானே அளந்தேன் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. அவர் கேட்டது அளவைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். ரயில் வரும்வரை இரண்டு பேரும் காருக்குள் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தோம்.

அன்ரி அடுத்த குளிர்காலத்தில் டார்னெய்ட்டில் காலமானார். மகள் தொலைபேசியில் சொன்னார். கடைசிக் கிழமை வரையும் அம்மா தன் கையாலேதான் சாப்பிட்டவர் என்றார்.